சுட்ட தூரம்

ஆளுக்கு இருபத்தைந்து.
பள்ளிக்கூடம் மொத்தமாக வந்தால் தலைக்குப் பத்து.
கேமராவுக்குத் தனி.
கைபேசிக்கு இல்லை என்பதால்
கேமராவுக்கு இதுவரை ஒரு ரசீதும் நான் கிழிக்கவில்லை.

மே மாதம் திறந்தார்கள்.
இரண்டு சுவர், பாதிக் கொத்தளம்,
ஏழு படி இறங்கி அங்கேயே நின்றுவிடும் சுரங்கம்.
அரசங்கன்றுகளை வேரோடு பிடுங்கிப்
பூசிய சுண்ணாம்புக்கு இன்னும் பச்சை வாடை போகவில்லை.
'ஐ லவ்' போட்டு ஊர்ப்பெயர் எழுதிய விளக்கில்
இதயம் மட்டும்
முதல் வாரமே உப்புக்காற்றில் அணைந்துவிட்டது.

கவுண்டரில் குனிந்து எல்லோரும் கேட்பது ஒன்றுதான்:
"கோட்டை எங்கேம்மா?"

பண்ருட்டியிலிருந்து வேன் பிடித்து வந்தவர்
மனைவியிடம் சலித்துக்கொண்டார்.
கோட்டைன்னா மலைமேல இருக்கணும்,
ஏறினா மூச்சு வாங்கணும்.
இது என்ன, ஆத்துக்கும் கடலுக்கும் நடுவுல
காம்பவுண்டு மாதிரி.

மீதி ஐம்பதை நீட்டிக்கொண்டே சொன்னேன்:
மலைக்கோட்டை செஞ்சியில் இருக்கு சார்.
அங்கே இருந்தவங்கதான் இதை வித்தாங்க.
மலையில் உட்கார்ந்தால்
கடலோரம் சின்னதாகத்தான் தெரியும்.

வாங்கியவன் கோட்டையோடு நிற்கவில்லை.
பீரங்கியைத் தூக்கி வை.
நாலு பக்கமும் சுடு.
குண்டு எதுவரை போய் விழுகிறதோ
அதுவரை நிலம் என்னுடையது.
சங்கிலி இல்லை, எல்லைக்கல் இல்லை,
அளக்க வந்தவருக்கு மோர் கொடுத்த வீடு இல்லை.

என் ஊர் குண்டு உப்பலவாடி.
ஆதாரில் இருக்கிறது, ரேஷன் அட்டையில் இருக்கிறது,
கல்யாணப் பத்திரிகையில் எழுத்துப்பிழையோடு இருக்கிறது.
ஹாஸ்டலில் என்னைக் 'குண்டு' என்றுதான் கூப்பிட்டார்கள்.
அப்போது நான் முப்பத்தெட்டுக் கிலோ.

போன வியாழன் பரங்கிப்பேட்டையிலிருந்து
ஆறாம் வகுப்பு வந்தது.
அஞ்சாப்புலி அண்ணன் பலகையைப் பார்க்காமலே
பலகையில் உள்ளதைச் சொல்லி முடித்தார்.
ஒரு பையன் கை தூக்கினான்.
சட்டையில் நைனா முகம்மது என்று அட்டை.
"விழுந்த இடத்துல ஆள் நின்னுட்டு இருந்தா?"

அண்ணன் பலகையைத் திரும்பிப் பார்த்தார்.
"அது இதுல போடல தம்பி."
டீச்சர் எல்லோரையும் கொத்தளத்தில் ஏற்றிப்
போட்டோவுக்கு நிறுத்தினார்.
அந்தப் பையன் மட்டும்
வடக்கே விரலை நீட்டி
ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தான்.
அவன் விரலுக்கு நேரே என் தெரு.

யாராவது நாற்று நட்டுக்கொண்டு இருந்திருப்பார்கள்.
யாராவது மாட்டுக்குப் பின்னால் போயிருப்பார்கள்.
சத்தம் கேட்டு, புழுதி அடங்கி,
உயிரோடு இருக்கிறோம் என்று மூச்சு விட்டபோது
விற்கப்பட்டிருந்தார்கள்.
அதற்கு அப்பால் பத்தடியில் களை பறித்தவள்
அன்றைக்கு வேறு நாடு.

பிறகு பிரெஞ்சுக்காரன் வந்தான், பிடித்தான்,
வெடி வைத்தான்.
சுவர் போயிற்று.
தூரம் போகவில்லை.
ஊர்ப்பெயருக்கு முன்னால்
இன்னும் உருளாமல் கிடக்கிறது.
அதைப் புதுப்பிக்க யாருக்கும் டெண்டர் விட வேண்டியிருக்கவில்லை.

ஆனாலும் சொல்கிறேன், சாயங்காலம் வாருங்கள்.
ஐந்தரைக்குக் கெடிலம் கடலில் கலக்கிற இடம்
வெங்கலத் தாம்பாளம் மாதிரி ஆகிவிடும்.
நெய்வேலி ஷிப்ட் முடிந்து ஒரு ஜோடி வரும்,
கொத்தளத்தின் விளிம்பில் உட்கார்ந்து
வெளியே வாங்கிய இறால் வறுவலை
ஒரே இலையில் தின்னும்.
பீரங்கி இருந்த மேடை அதுதான் என்று
நான் போய்ச் சொல்வதில்லை.

ஆறு மணிக்குக் கல்லாவை எண்ணுகிறேன்.
நூற்றுப் பன்னிரண்டு பேர். ஒரு கிழிந்த ஐம்பது.
ஸ்கூட்டியைக் கிளப்பி வடக்கே திருப்புகிறேன்.
ஐஸ் கம்பெனி, சவுக்குத் தோப்பு, பாலம்,
அணைக்க மறந்த ஒரு பஞ்சாயத்து பம்பு.
எல்லாம் உள்ளேதான்.
கோட்டைக்குள் வீடு வரை ஓட்டுகிறேன்,
டிக்கெட் இல்லாமல்.